வலியும் மருந்துப்போலியும்

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்" என்பது நம் பெரியோர் வாக்கு. இவ்விரண்டில் காய்ச்சலை இன்று பிறரும் அறியலாம். நாவின் அடியில் வெப்பமானியை வைத்தால் பாதரசமோ எண்ணோ அதைக் காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் தலைவலிக்கு அத்தகைய கருவி இன்றுவரை கிடையாது. "வலிக்கிறது" என்று ஒருவர் சொன்னால் நம்ப வேண்டும். "குறைந்துவிட்டது" என்று சொன்னாலும் நம்ப வேண்டும். வலியை ஆராயும் சர்வதேசச் சங்கத்தினர் 2020ஆம் ஆண்டு தம் விளக்கத்தைத் திருத்தி அமைத்தபோது, வலி என்பது எப்போதும் அவரவர் சொந்த அனுபவமே என்றும், வலிப்பதாக ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்றும் குறித்துள்ளனர்.

அப்படியானால் ஒரு மருந்து வலியைக் குறைக்கிறதா, இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இக்கேள்வி எங்கள் பாடப் புத்தகத்திலிருந்து எழவில்லை. எங்கள் அம்மாயியின் முழங்காலிலிருந்து எழுந்தது.

அம்மாயியின் முழங்கால்

எங்களுள் ஒருத்தியின் அம்மாயிக்கு வயது 68. வீடு தடாகம் சாலையில் உள்ளது. பள்ளி விட்டதும் நாங்கள் மூவரும் அங்கே கூடித்தான் வீட்டுப்பாடம் எழுதுவோம். ஆகவே மூவருக்குமே அவர் அம்மாயிதான். மாடு கறந்தும் குடம் சுமந்தும் உழைத்த கால்கள் அவருடையவை. இரண்டு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதற்கு ஒரு மாத்திரையும், இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரையும் ஒரே பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கும்.

மார்கழிக் குளிரில் ஒரு வாரம் அம்மாயியால் எழுந்து நடக்கவே முடியவில்லை. அந்த வாரச் சந்தையில் ஒருவர் ஒலிபெருக்கி வைத்து மூலிகை எண்ணெய் விற்றார். பாட்டில் 450 ரூபாய். மாமா வாங்கி வந்தார். நான்காம் நாள் அம்மாயி தாமாக எழுந்து வாசலில் கோலம் போட்டார்.

"இந்த எண்ணெயத் தேச்ச நாலே நாள்ல காலு லேசாயிருச்சு கண்ணு. இனி டாக்டரு மாத்திரை எதுக்குங்கறேன்?" என்றார். அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லி, மேலும் மூன்று பாட்டில் வாங்க வைத்தார். மாத்திரை டப்பாவை அப்படியே அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டார். அதில் இரத்த அழுத்த மாத்திரையும் இருந்தது என்பதை வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை.

ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து ஒரு காலை மாட்டுக் கொட்டகை அருகே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோது இரத்த அழுத்தம் மிக உயர்ந்திருந்தது. நல்லவேளையாக வேறு தீங்கு நேரவில்லை. ஆனால் அன்று மாலை வீட்டில் பெரிய வாக்குவாதம். மாமா எண்ணெய்க்காரரைத் திட்டினார். அம்மாயியோ கண்ணீருடன், "எனக்கு வலி குறைஞ்சது நெசந்தானுங்க. நான் பொய்யா சொல்லப்போறேன்?" என்றார்.

அம்மாயி பொய் சொல்பவர் அல்லர் என்பது எங்களுக்குத் தெரியும். ஆயினும் எண்ணெய் வேலை செய்தது என்றும் எங்களால் ஒப்புக்கொள்ள இயலவில்லை. வலி குறைந்ததும் உண்மையாக இருந்து, எண்ணெயும் காரணமாக இல்லாதிருக்க முடியுமா? இதை எங்கள் அறிவியல் ஆசிரியையான சிஸ்டரிடம் கேட்டோம். "முதலில் அளந்து பாருங்கள், பிறகு பேசுங்கள்" என்று அவர் ஒரு பழைய நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தார்.

வலிக்கு ஒரு கணக்கு நோட்டு

மருத்துவ ஆராய்ச்சியாளர் வலியை அளக்கும் முறை வியப்பூட்டும் அளவுக்கு எளியது. வலியே இல்லை என்றால் 0, நினைத்துப் பார்க்கக்கூடிய மிக மோசமான வலி என்றால் 10. இடையில் தம் வலி எங்கே நிற்கிறது என்று நோயாளியே எண் சொல்ல வேண்டும். அதைத் தினமும் குறித்து வைப்பதே வலி நாட்குறிப்பு.

அம்மாயிக்கு இந்த எண் விளையாட்டு முதலில் பிடிபடவில்லை. பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். "முழு வலிக்குப் பத்து ரூபா வெச்சுக்கலாமா?" என்றார். அன்று முதல், "ஏனுங்க அம்மாயி, இன்னைக்கு வலி எத்தனைங்க?" என்று நாங்கள் கேட்போம். "இன்னைக்கு ஏழு ரூபா வலி கண்ணு" என்பார். இவ்வாறு 28 நாள் எழுதினோம். அத்தனை நாளும் அம்மாயி எண்ணெயைத் தேய்த்துக்கொண்டுதான் இருந்தார். மருத்துவர் சொன்னபடி இரத்த அழுத்த மாத்திரையையும் மீண்டும் தொடங்கிவிட்டார்.

நோட்டில் கோடு இழுத்துப் பார்த்தபோது அது நம் மேற்கு மலைத்தொடரைப் போல இருந்தது. ஒரு நாள் 3. இரண்டு நாள் கழித்து 7. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெறும் 2. மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்த மறுநாள் 8. பிறகு ஒரு காரணமும் இல்லாமல் இன்னொரு 8. இரண்டு முறையும் நான்கைந்து நாளில் வலி தானாகவே 4க்கு இறங்கிவிட்டது. தினமும் ஒரே எண்ணெய், ஒரே அளவு. ஆனால் வலி மட்டும் தன் விருப்பப்படி ஏறி இறங்கியது.

காக்கையும் பனம்பழமும்

இங்கேதான் முதல் உண்மை எங்களுக்கு விளங்கியது. நாம் எப்போது புது மருந்தைத் தேடுகிறோம்? வலி 2 ஆக இருக்கும் நாளில் யாரும் 450 ரூபாய் கொடுத்து எண்ணெய் வாங்குவதில்லை. வலி 8 ஆகி, பொறுக்க முடியாமல் போகும் நாளில்தான் வாங்குகிறோம். உச்சியில் நிற்கும் வலிக்கு அடுத்த வழி பெரும்பாலும் இறக்கமே. அந்த இறக்கம் தானாகவும் வந்திருக்கும். ஆனால் இடையில் நாம் எண்ணெய் தேய்த்திருப்பதால் பெயர் எண்ணெய்க்குப் போகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இதுவே.

கணக்கியல் அறிஞர் இதனைச் சராசரியை நோக்கித் திரும்புதல் என்பர். இங்கிலாந்தைச் சேர்ந்த பிரான்சிஸ் கால்டன் என்பவர் 1886ஆம் ஆண்டு பெற்றோர், பிள்ளைகள் ஆகியோரின் உயரங்களை ஒப்பிட்டு இதை எடுத்துக் காட்டினார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் உயரமாகவே இருந்தாலும், சராசரியாகப் பெற்றோர் அளவுக்கு உயர்ந்திருக்கவில்லை. நம் வகுப்பிலும் இதைப் பார்க்கலாம். காலாண்டுத் தேர்வில் எதிர்பாராமல் 98 எடுத்தவள் அரையாண்டில் சற்றுக் குறைவாக எடுப்பதும், காய்ச்சலோடு எழுதி 40 எடுத்தவள் அடுத்த முறை ஏறுவதும் வழக்கமே. 40 எடுத்தவளுக்கு இடையில் ஒரு புதுப் பேனா வாங்கிக் கொடுத்திருந்தால், பேனா ராசியானது என்று நம்பிவிடுவோம் அல்லவா?

போலி மருந்து வேறு, மருந்துப்போலி வேறு

தானாக இறங்கும் வலியையும் மருந்தால் இறங்கும் வலியையும் பிரித்துப் பார்க்க விஞ்ஞானிகள் கைக்கொள்ளும் கருவியே மருந்துப்போலி. ஆங்கிலத்தில் இதைப் பிளசீபோ என்பர். இது இலத்தீன் சொல். "நான் மகிழ்விப்பேன்" என்பது அதன் பொருள். திருச்சபையில் இறந்தோருக்காக இலத்தீனில் சொல்லப்பட்ட மாலைச் செபம் இச்சொல்லைக் கொண்டே தொடங்கியது என்பது நம் வாசகர்களுக்குச் சுவையான செய்தியாக இருக்கும்.

சந்தையில் கள்ளத்தனமாக விற்கும் போலி மருந்து சட்டப்படி குற்றம். மருந்துப்போலியோ அதற்கு நேர்மாறானது. பார்வைக்கு மருந்தைப் போலவே இருந்து, உள்ளே மருந்துப் பொருள் இல்லாமல், ஆராய்ச்சிக்காகவே செய்யப்படுவது. சர்க்கரை அல்லது மாவு அடைத்த மாத்திரையாக அது இருக்கலாம். உப்புநீர் ஊசியாகவும் இருக்கலாம்.

பரிசோதனை இப்படி நடக்கிறது. சம்மதித்த நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல இரு குழுவாகப் பிரிப்பார்கள். ஒரு குழுவுக்கு மருந்து, மற்றதற்கு மருந்துப்போலி. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது. வலியை விசாரிக்கும் மருத்துவருக்கும் தெரியாது. முடிவில்தான் இரகசியக் குறியீட்டைப் பிரிப்பார்கள். தானாகக் குறையும் வலி இரு குழுவிலும் ஒன்றுபோலக் குறையும். அதற்கு மேல் மருந்துக் குழுவில் எவ்வளவு கூடுதலாகக் குறைந்தது என்பதே மருந்தின் சொந்த உழைப்பு.

புனேயில் நடந்த பரிசோதனை

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. புனே நகரத்தைச் சேர்ந்த மூட்டுநோய் மருத்துவர் அரவிந்த் சோப்ராவும் அவர் குழுவினரும் ஓர் ஆயுர்வேத மருந்தை முடக்குவாத நோயாளிகளிடம் பரிசோதித்து, 2000ஆம் ஆண்டு அதன் முடிவை வெளியிட்டனர். அம்மருந்தில் அமுக்கராக் கிழங்கு, இஞ்சி, மஞ்சள், சாம்பிராணி வகையைச் சேர்ந்த ஒரு பிசின் ஆகியவை இருந்தன. எல்லாம் நம் பாட்டிமார் அறிந்த பொருள்களே. மொத்தம் 182 நோயாளிகள் சேர்ந்தனர். பாதிப்பேர் அளவில் மருந்து, மற்றவருக்கு மருந்துப்போலி. காலம் 16 வாரம்.

மூட்டு வலி, வீக்கம் முதலியவற்றில் ஐந்தில் ஒரு பங்கேனும் முன்னேற்றம் கண்டவர் எத்தனை பேர் என்று கணக்கிட்டார்கள். மருந்து உட்கொண்டவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 39 பேர் முன்னேறியிருந்தனர். இதை மட்டும் கேட்டால், "ஆகா, நல்ல மருந்து!" என்று கைதட்டுவோம். ஆனால் மருந்துப்போலி உட்கொண்டவர்களிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பேர் முன்னேறியிருந்தனர். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்று சொல்லும் அளவுக்குச் சிறியது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. எல்லா அளவுகளிலும் மருந்துக் குழு சற்று முந்தியே இருந்தது. ஆயினும் உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு மூட்டு வீக்கத்தில் மட்டுமே தெரிந்தது. வீக்கம் என்பது மருத்துவர் கையால் தொட்டுப் பார்த்து எண்ணக்கூடியது. வலி என்பது நோயாளி வாயால் சொல்ல வேண்டியது. வாயால் சொல்லும் இடத்தில் மருந்துப்போலியும் மருந்தை நெருங்கி ஓடிவந்துவிட்டது. மருந்துப்போலிக் குழு இல்லாமல் இந்த ஆராய்ச்சி நடந்திருந்தால், 39 என்ற எண் முழுவதும் மருந்தின் புகழாகவே எழுதப்பட்டிருக்கும்.

இது ஆயுர்வேதத்துக்கு மட்டும் நேர்ந்தது என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் அறுவைச் சிகிச்சைக்கும் இதே சோதனை வைத்தார்கள். மூட்டுத் தேய்மானத்துக்காக முழங்காலில் சிறு துளையிட்டுக் கழுவியும் சீவியும் விடும் சிகிச்சை அக்காலத்தில் பெருவழக்காக இருந்தது. சம்மதித்த 180 பேரில் ஒரு பகுதியினருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்துவிட்டார்கள். இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து விசாரித்ததில், உண்மை அறுவை பெற்றவர்களின் வலி, வெறும் கீறல் பெற்றவர்களின் வலியைவிடக் குறைந்திருக்கவில்லை. இம்முடிவு 2002இல் வெளியாயிற்று.

இப்பலன் எங்கிருந்து வருகிறது?

மாவு மாத்திரைக்கு இவ்வளவு ஆற்றலா என்று நாங்கள் திகைத்தோம். அமெரிக்க மருத்துவர் ஹென்றி பீச்சர் 1955ஆம் ஆண்டு 15 ஆராய்ச்சிகளைத் தொகுத்து, மருந்துப்போலியால் சராசரியாக நூற்றுக்கு 35 பேருக்கு நிவாரணம் கிடைத்தது என்று எழுதினார். அந்த எண் நெடுங்காலம் வேதவாக்காகத் திகழ்ந்தது. ஆனால் 1997இல் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் இருவர் அதே ஆராய்ச்சிகளை மீண்டும் ஆராய்ந்து, நோய் தானாகக் குறைந்தது முதலிய பல காரணங்களையும் பீச்சர் மருந்துப்போலியின் கணக்கிலேயே சேர்த்துவிட்டார் என்று காட்டினர்.

உண்மையில் மூன்று ஓடைகள் சேர்ந்தே அந்த நிவாரணம் ஆறாக ஓடுகிறது.

முதலாவது, முன்பே சொன்ன இயற்கையான ஏற்ற இறக்கம்.

இரண்டாவது, உபசார வார்த்தை. நம் கொங்கு நாட்டில் மருத்துவர் அன்போடு, "இப்ப எப்படிங்க இருக்குது?" என்று கேட்டால், "பரவாயில்லைங்க" என்றுதான் சொல்லுவோம். வலி போகாவிட்டாலும் அவர் மனம் நோகக்கூடாது என்று நினைப்போம். ஆராய்ச்சிக் கூடத்திலும் மனிதர் மனிதரே.

மூன்றாவது, மெய்யாகவே வலியைக் குறைக்கும் நம்பிக்கை. இது கற்பனையன்று. நம் மூளையே அபினை ஒத்த வலிநீக்கிப் பொருள்களைச் சுரக்கிறது. கலிபோர்னியாவில் லெவின், கார்டன், பீல்ட்ஸ் என்ற மூவர் 1978இல், பல் பிடுங்கிக்கொண்டவர்களுக்கு மருந்துப்போலி கொடுத்துப் பார்த்தனர். அதனால் வலி குறைந்தவர்களுக்கு, அபின் வகைப் பொருள்களின் வேலையைத் தடுக்கும் நலாக்சோன் என்னும் மருந்தைச் செலுத்தியதும் வலி மீண்டும் கூடிற்று. ஆகவே நம்பிக்கையும் உடம்பில் வேதியியல் வழியாகவே வேலை செய்கிறது.

அம்மாயியின் எண்ணெயிலும் இம்மூன்றும் இருந்தன. உச்சத்தில் தொடங்கியது ஒன்று. வாங்கி வந்த மகன் மனம் மகிழ வேண்டும் என்பது ஒன்று. தினமும் யாராவது அருகில் அமர்ந்து காலைப் பிடித்துவிட்டார்கள் என்பது ஒன்று. ஆகவே அம்மாயி சொன்னது பொய்யன்று. பெயரை மட்டுமே தவறான பாட்டிலில் ஒட்டியிருந்தோம்.

ஏற்ற இறக்கம் மிகுந்தவர்கள்

எல்லாருடைய வலியும் அம்மாயியின் வலியைப்போல மலையும் பள்ளமுமாக இருப்பதில்லை. சிலருடைய நாட்குறிப்பில் 6, 6, 5, 6 என்று சமவெளிபோல இருக்கும். இவ்வேறுபாட்டில் பெரிய பொருள் அடங்கியிருக்கிறது என்று அண்மைக்கால ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. உடம்பெங்கும் தசை வலிக்கும் ஒரு நோயைப் பற்றி 2005இலும், நரம்பு வலியைப் பற்றி 2014இலும் வெளியான ஆராய்ச்சிகளில், தொடக்க நாட்குறிப்பில் ஏற்ற இறக்கம் மிகுந்திருந்தவர்களே மருந்துப்போலிக்கு அதிகம் குணம் கண்டனர் என்று தெரிந்தது.

காரணத்தை ஊகிப்பது கடினமன்று. மேடு பள்ளம் மிகுந்தவர் மேட்டில் இருக்கும்போது பரிசோதனையில் சேர்ந்தால், இறங்குவதற்கு இடம் அதிகம். தம் வலி 4ஆ 7ஆ என்று அவருக்கே உறுதியாகத் தெரியாவிட்டால், நம்பிக்கையும் உபசாரமும் எண்ணை எளிதில் மாற்றிவிடும்.

இதனால் வரும் கேடு இருவகை. ஒன்று, பயனற்ற மருந்து பயனுள்ளதுபோலத் தோன்றலாம். மற்றொன்று, நல்ல மருந்தும் மருந்துப்போலியின் கூட்டத்தில் மறைந்து தோற்றுப்போகலாம். நரம்பு வலி பற்றிய 84 பரிசோதனைகளை ஒப்பிட்டு 2015இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று, 1990 முதல் 2013 வரையில் அமெரிக்காவில் மருந்துப்போலியின் பலன் ஏறிக்கொண்டே வந்தது என்றும், மருந்தின் பலன் அதற்கேற்ப ஏறவில்லை என்றும் காட்டியது. பரிசோதனைகள் பெரிதாகவும் நீண்டதாகவும் ஆனது அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. ஆகையால் மருந்து தொடங்குமுன் ஒரு வாரமாவது நாட்குறிப்பு எழுதச் சொல்வதும், எண்ணை ஒரே சீராகச் சொல்ல நோயாளிக்குப் பயிற்சி தருவதும் இப்போது பல ஆராய்ச்சிகளில் கடைப்பிடிக்கப்படுகின்றன.

நம்பிக்கை எட்டாத இடம்

இனி, அம்மாயிக்குத் தலை சுற்றிய காலைக்கு வருவோம். டென்மார்க் நாட்டு ஆராய்ச்சியாளர் இருவர், மருந்துப்போலி கொடுத்தவர்களையும் ஒன்றுமே கொடுக்காதவர்களையும் ஒப்பிட்ட 114 பரிசோதனைகளைத் தொகுத்து 2001இல் வெளியிட்டனர். வலி போன்று நோயாளியே சொல்ல வேண்டியவற்றில் மருந்துப்போலியால் சிறிது நன்மை இருந்தது. கருவியாலும் ஆய்வுக் கூடத்தாலும் அளப்பவற்றில் குறிப்பிடத்தக்க நன்மை காணப்படவில்லை.

நம் தமிழ்நாட்டிலும் இதற்கு நினைவில் நிறுத்த வேண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசியை 1968 முதல் செங்கற்பட்டு மாவட்டத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் மக்களிடம், ஒரு பகுதியினருக்கு வெறும் ஊசி போட்டு ஒப்பிட்டுப் பரிசோதித்தார்கள். சளியில் கிருமியைத் தேடிக் கண்டுபிடித்துக் கணக்கெடுத்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி அங்கே தடுக்கவில்லை என்பது தெரியவந்தது. குழந்தைகளுக்கு வரும் கொடிய மூளைக் காசநோய் முதலியவற்றுக்கு அது காப்பாக இருப்பதால் இன்றும் பிறந்த குழந்தைக்குப் போடப்படுகிறது. போட்டே தீர வேண்டும். ஊசி போட்டுக்கொண்டோம் என்ற தைரியம் கிருமியை ஒன்றும் செய்வதில்லை. அதனால்தான் எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது.

இரத்த அழுத்தமும் பெரும்பாலும் ஓசையின்றி ஏறுவது. வலிக்காது, சொல்லாது. அம்மாயி தம் கால் லேசானதை வைத்து உடம்பு முழுவதும் நலம் என்று முடிவு செய்தார். வலியைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அவரைவிடச் சிறந்தவர் இல்லை. இரத்த அழுத்தத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கருவிதான் வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமற் போனதுதான் ஆபத்தாயிற்று.

நாங்கள் செய்யவிருந்த தவறு

இவ்வளவும் படித்த பிறகு எங்களுக்கு ஓர் ஆசை பிறந்தது. எண்ணெய் பாட்டிலில் அம்மாயிக்குத் தெரியாமல் வெறும் தேங்காய் எண்ணெயை ஊற்றி வைத்து, வலி மாறுகிறதா என்று பார்க்கலாம் என்று திட்டமிட்டோம். சிஸ்டரிடம் பெருமையோடு சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. "அவர்களிடம் கேட்டீர்களா? கேட்காமல் செய்தால் அதற்குப் பெயர் ஆராய்ச்சி அல்ல, ஏமாற்று" என்றார்.

எங்களுக்கு வெட்கமாகிவிட்டது. பிறகுதான் அறிந்தோம். நம் நாட்டில் மருந்துப் பரிசோதனைகளுக்கென 2019ஆம் ஆண்டு விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. பங்கேற்பவரிடம் எல்லாவற்றையும் விளக்கிச் சம்மதம் பெற வேண்டும். மருந்துப்போலி கிடைக்கவும் கூடும் என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். விரும்பும்போது விலகிக்கொள்ளலாம். பரிசோதனைகளைப் பதிவு செய்யும் தேசியப் பதிவேடு 2007இல் தொடங்கப்பட்டு, 2009 முதல் பதிவு கட்டாயமாக்கப்பட்டது. பல வலிப் பரிசோதனைகளில், பொறுக்க முடியாவிட்டால் எடுத்துக்கொள்ள வேறொரு வலிநிவாரணியும் அனுமதிக்கப்படுகிறது.

ஆகவே அம்மாயியிடம் எல்லாவற்றையும் சொல்லி அனுமதி கேட்டோம். "செய்ங்க, செய்ங்க. நானும் பாக்கறேன்" என்று சிரித்தார். இரண்டு பாட்டில்களுக்குச் சிவப்பு நூலும் நீல நூலும் கட்டினோம். எதில் எது என்பது அத்தைக்கு மட்டுமே தெரியும். முதல் நாள் மாலையே பரிசோதனை முடிந்துபோயிற்று. நீல நூல் பாட்டிலைத் திறந்ததும் அம்மாயி மூக்கருகே கொண்டுபோய், "இதுல கற்பூர வாசமே இல்லையே கண்ணு!" என்றார்.

நாங்கள் தோற்றோம். ஆனால் ஒரு பாடம் கற்றோம். மருந்துப்போலி நிறத்திலும் மணத்திலும் சுவையிலும் மருந்தையே ஒத்திருக்க வேண்டும் என்று ஆராய்ச்சியாளர் ஏன் அத்தனை பாடுபடுகிறார்கள் என்பது விளங்கிற்று. ஒருவரை வைத்து, ஒரு மாதத்தில், எண்ணெய் பயனற்றது என்று தீர்ப்பளிக்க எங்களுக்கு உரிமையில்லை என்பதும் விளங்கிற்று. எங்கள் நோட்டு சொல்வதெல்லாம் ஒன்றுதான்: எண்ணெய் தேய்த்த நாளிலும் வலி ஏறியது, தானாகவே இறங்கியது.

நன்மை பெறப் பொய் சொல்லத்தான் வேண்டுமா என்று ஐயுறுவோர்க்கு ஒரு செய்தி. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டெட் காப்சக் என்பாரும் அவர் குழுவினரும் குடல் கோளாற்றால் வயிற்றுவலி கண்ட 80 பேரைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி செய்து 2010இல் வெளியிட்டனர். ஒரு பகுதியினருக்கு, "இதில் மருந்து இல்லை" என்று வெளிப்படையாகச் சொல்லியே மாத்திரை கொடுத்தனர். மூன்று வாரத்தில், மாத்திரை ஏதும் பெறாதவர்களைவிட அவர்கள் கூடுதல் நிவாரணம் கண்டனர். நம்பிக்கையூட்டும் பேச்சுக்கும் பரிவுக்கும் பொய் துணை நிற்க வேண்டியதில்லை என்பதற்கு இது ஒரு சான்று.

முடிவுரை

அன்புத் தோழியரே, பெற்றோரே, வீட்டில் ஒருவர் "இந்த மருந்தால் வலி போய்விட்டது" என்று சொன்னால் அவரைக் கேலி செய்ய வேண்டாம். வலி குறைந்தது உண்மையாகவே இருக்கும். அதே சமயம், "எனக்குக் குணமாயிற்று" என்ற ஒரு சொல்லை நம்பிப் பிறருக்குப் பாட்டில் வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம். தொடங்கியபோது வலி உச்சத்தில் இருந்ததா, மருந்து இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும், ஒப்பிட்டுப் பார்த்தவர் உண்டா என்று மூன்று கேள்வி கேட்டால் போதும். ஒரு நோட்டும் பென்சிலும் வைத்து வலியை எழுதி, அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள். "பரவாயில்லைங்க" என்ற சொல்லைவிட அது அவருக்கு அதிகம் உதவும். மேலும், வலி இல்லை என்பதற்காக எந்த மாத்திரையையும் மருத்துவரைக் கேளாமல் நிறுத்தாதீர்கள்.

இப்போது மாத்திரை டப்பா அம்மாயியின் கட்டில் அருகிலேயே இருக்கிறது. காலையில் இரத்த அழுத்த மாத்திரை தவறுவதில்லை. மூட்டுக்கு மருத்துவர் சொல்லிக் கொடுத்த தொடைப் பயிற்சியையும் செய்கிறார். மருத்துவரிடம் காட்டி அனுமதி பெற்ற பிறகு, மீதமிருக்கும் எண்ணெயையும் தேய்த்துக்கொள்கிறார். நான்காவது பாட்டில் வாங்கவில்லை. மாலையில் நாங்கள் வீட்டுப்பாடம் எழுதும்போது அவரே நோட்டை எடுத்து வந்து நீட்டுகிறார்.

"எழுதுங்க அம்மிணி. இன்னைக்கு மூணு ரூபா."